கனடாவில் அக்கா காத்திருக்க, திருகோணமலையில் நாங்கள் விட்ட பிழைகள்

கோணேசர் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே மரத்தில் தொங்கும் சின்னச் சின்னத் தொட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. எங்கள் அம்மாவும் ஒன்று கட்டினார். ஆனால் வயிற்றில் உண்டாகப்போகும் பிள்ளைக்காக அல்ல. கனடாவில் இருக்கும் அக்காவும் அத்தானும் இலங்கையிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்காகக் கட்டினார். "எங்கேயோ பிறந்துதான் இருக்கும். எங்கே இருந்தாலும் சுகமாக இருக்கட்டும்" என்றார்.

இந்த நாலு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. மிச்சமெல்லாம் அவசரத்தில் விட்ட பிழைகள். காத்திருப்பது அக்காவும் அத்தானும், நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். அப்படி இல்லை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர் பாசத்தில் செய்யும் ஒரு வேலை அங்கே உள்ள பைலையே கவிழ்த்துவிடலாம். எங்களுடையது கவிழப் பார்த்தது.

நாங்களே பிள்ளை தேடிப் போனது

பெரிய பிழை இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம் ஆகியும் ஒரு தகவலும் இல்லை. அப்போது தெரிந்த ஒரு பெண்மணி அம்மாவிடம் வந்து, மூதூர்ப் பக்கம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், இது நாலாவது, வளர்க்க வழியில்லை, கேட்டால் தருவாள் என்றார். அம்மா அன்றைக்கே பால்மா, சீனி, இரண்டு சேலை என்று ஒரு பையைக் கட்டிவிட்டார். ஸ்கூட்டியை எடுத்தது நான்தான். போகும் வழியில் கிண்ணியாப் பாலத்தில் நிறுத்தி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அக்கா அடுத்த நிமிடமே எடுத்துக் கத்தினாள். அவள் என்னிடம் கத்தியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். திரும்பி வந்துவிட்டோம்.

அக்கா ஏன் கத்தினாள் என்பது பிறகுதான் விளங்கியது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு 1993ஆம் ஆண்டு ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். இலங்கை 1995இல் அதில் சேர்ந்தது. கனடாவும் அதில் உண்டு. தத்தெடுக்கப்போகிறவர்கள், உரிய சம்மதங்களும் அனுமதிகளும் கிடைப்பதற்கு முன்னால், பிள்ளையின் தாய் தகப்பனோடு தொடர்பு வைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் தத்தெடுப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பிறகே வாங்கப்பட வேண்டும், அதுவும் பணமோ பொருளோ கைமாறாமல். அப்படியானால் அந்தப் பால்மாப் பை? நாங்கள் இரக்கம் என்று நினைத்துக் கட்டியது சட்டத்தின் கண்ணில் விலையாகத் தெரிந்திருக்கும்.

"நாங்களும் இலங்கைத் தமிழர்தானே, வெள்ளைக்காரரா?" என்று அம்மா கேட்டார். அந்த நியாயம் செல்லாது. தத்தெடுப்பவர் எந்த நாட்டில் குடியிருக்கிறார் என்பதுதான் அங்கே கணக்கு, எந்த ஊரில் பிறந்தார் என்பது அல்ல. அக்கா உவர்மலையில் பிறந்து வளர்ந்தவளாக இருக்கலாம். பைலில் அவள் கனடாக்காரி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பிள்ளையைப் பொருத்திக் கொடுக்கும் பொறுப்பு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் ஆணையாளருக்கு உரியது. அதற்குப் பிறகு அக்காவும் அத்தானும் இங்கே வந்து மாவட்ட நீதிமன்றத்தில் நின்று மகவேற்புக் கட்டளை பெற வேண்டும். (சட்டத்தில் மகவேற்பு என்றுதான் எழுதுவார்கள். தத்தெடுப்பு என்று கந்தோரில் கேட்டாலும் விளங்கிக்கொள்வார்கள்.)

இவ்வளவு கெடுபிடி வீணாக வந்ததல்ல. 1980களில் இங்கிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதில் பொய்ப் பத்திரங்களும் பொய்த் தாய்மாரும் இருந்தார்கள், விற்பதற்கென்றே பிள்ளைகளைச் சேர்த்து வைத்த வீடுகளும் இருந்தன. அப்படிப் போனவர்கள் வளர்ந்து, இன்றைக்கு நடுவயதில், தாயைத் தேடி இந்த நாட்டுக்கு வந்துபோகிறார்கள். நெதர்லாந்து இந்த விஷயத்தை விசாரிக்க ஒரு குழுவைப் போட்டது. குழு ஆராய்ந்த ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. அறிக்கை வந்ததும் 2021இல் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அந்தக் கதைகளிலும் தாயின் வாசலுக்கு ஒரு சாமான் பையோடு யாரோ ஒருவர் போயிருப்பார். நல்ல மனதோடுதான் போகிறோம் என்றுகூட நினைத்திருப்பார்.

"இல்லத்தில் எத்தனை பிள்ளைகள் கிடக்கு"

இது எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் பாடமான வசனம். யுத்தம் நடந்த ஊர், 2004இல் கடல் வந்த ஊர், சிறுவர் இல்லங்கள் உள்ள ஊர், பிறகு ஏன் நாலு வருடம் என்று கேட்பார்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வறுமை, வழக்கு, தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போனது என்று வேறு வேறு காரணங்களால் அங்கே விடப்பட்டவர்கள். அவர்கள் தத்துக்கு உரியவர்கள் அல்ல, வீட்டுக்குத் திரும்பக் காத்திருப்பவர்கள். தத்துக்கு விடலாம் என்று தீர்மானித்த பிள்ளைக்கும் முதலில் இந்த நாட்டுக்குள்ளேயே ஒரு வீடு தேட வேண்டும். கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு. கடல்கோளுக்குப் பிறகு வெளிநாடுகளிலிருந்து "ஒரு பிள்ளை தாருங்கள்" என்று எத்தனையோ பேர் கேட்டபோது அரசாங்கம் மறுத்ததும் அதனால்தான். அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தங்கள் இருந்தன, தேடிக்கொண்டும் இருந்தார்கள்.

ஆகவே பிறந்தநாள் சாப்பாடு கொடுக்கிறோம் என்று இல்லத்துக்குப் போய், "இந்தச் சுருட்டைத்தலைப் பிள்ளை அக்காவின் சாயல்" என்று போட்டோ பிடித்து வட்சப்பில் அனுப்புவது வேண்டாம். என் சித்தி செய்தார். அக்கா அந்தப் போட்டோவை அழிக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் இரண்டு வாரம் தூங்கவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தாய் இருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பாள் என்று பிறகுதான் தெரிந்தது.

வராத பிள்ளைக்குத் தைத்த சட்டை

அம்மா ஆறு மாதக் குழந்தைக்கு அளவெடுத்த மாதிரி ஒரு டசின் சட்டை தைத்தார். மாமி குழந்தையின் கழுத்தில் போடும் பஞ்சாயுதம் செய்து வைத்தார். சாத்திரியார் பெயருக்கு எழுத்துச் சொன்னார், எந்த நட்சத்திரத்தை வைத்துச் சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம்.

வெளிநாட்டுத் தத்தில் வரும் பிள்ளை கைக்குழந்தையாகத்தான் இருக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. உள்நாட்டில் காத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் சுகதேகியான பச்சைக் குழந்தையைத்தான். எஞ்சி வெளிநாட்டுக்குப் பொருந்துகிறவர்கள் வளர்ந்த பிள்ளைகளாக, உடன்பிறந்தவர்களோடு வருகிறவர்களாக, மருத்துவக் கவனிப்புத் தேவைப்படுகிறவர்களாக இருக்கலாம். ஐந்து வயதில் வந்தால் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். பத்து வயதைத் தாண்டியிருந்தால் இலங்கைச் சட்டப்படி அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். சட்டைகளை அம்மா பிறகு பக்கத்து வீட்டுப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஏதும் தெரிஞ்சுதா?"

எங்களுக்குக் காலை என்றால் அக்காவுக்கு முந்தின நாள் இரவு. வேலை முடிந்து களைத்து வந்து உட்காரும் நேரம் பார்த்து அம்மா எடுப்பார். முதல் கேள்வி இதுதான். தெரிந்திருந்தால் அவளே சொல்லியிருக்க மாட்டாளா? மூன்றாவது வருடம் அக்கா ரெலிபோனை எடுப்பதையே குறைத்துவிட்டாள். அம்மாவுக்கு அது கோபம், எனக்கு அம்மா மேல் கோபம்.

ஒருநாள் அத்தான் என்னிடம் தனியாகக் கதைத்தார். அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை. "வயிற்றில் பிள்ளை இருந்தால் பத்து மாதத்தில் தெரியும் என்று கணக்கு உண்டு. எங்களுக்குக் கணக்கே இல்லை, தங்கச்சி. வீட்டில் ஒரு சின்ன அறையை மூடி வைத்திருக்கிறோம். உன் அக்கா அந்தப் பக்கம் போகிறதே இல்லை" என்றார். அந்த வீட்டில் எல்லாமே தள்ளிப் போடப்பட்டிருந்தது. ஊருக்கு வரவில்லை, ஏனென்றால் அழைப்பு வந்தால் லீவு தேவைப்படும். வீடு மாறவில்லை. அத்தான் நல்ல வேலை ஒன்றையும் வேண்டாம் என்றிருக்கிறார். பைலில் கை வைத்தால் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்ற பயம்.

இந்தப் பயத்தில் பாதி தேவையற்றது. வேலையோ வீடோ மாறினால் அதை மறைப்பதுதான் பிழை. உடனே சமூக சேவையாளரிடம் சொன்னால், தத்தெடுப்பவர்களின் வீட்டையும் வாழ்க்கையையும் பார்த்து எழுதும் வீட்டு ஆய்வு அறிக்கையில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த அறிக்கை எப்படியும் பழசாகிவிட்டால் புதுப்பிக்க வேண்டியதுதான். ஊருக்கு வராமல் இருந்ததில் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த இடைவெளியில் அப்பா போய்விட்டார். அக்கா செத்தவீட்டுக்குத்தான் வந்தாள்.

இன்னொரு விஷயம், கதவு மூடப்படலாம் என்பதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். பல பத்தாண்டுகளாக வெளிநாட்டாருக்குப் பிள்ளைகளைக் கொடுத்து வந்த சீனா, 2024இல் சொந்தக்காரருக்கு மட்டும் விலக்கு வைத்துவிட்டு அதை நிறுத்திக்கொண்டது. பாதி வழியில் நின்ற குடும்பங்கள் அப்படியே நின்றன. அக்காவிடம் இதைச் சொல்வதா என்று யோசித்தேன். அவள் எனக்கு முன்னமே வாசித்திருந்தாள்.

பணம் கேட்பவர்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. "கொழும்பில் ஆள் இருக்கு, பைலை மேலே எடுத்து வைப்பார்" என்று யார் சொன்னாலும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். முறையான செலவுகளுக்கு ரசீது உண்டு. நீதிமன்ற அனுமதி இல்லாமல் தத்துக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

ஊர் வாய்

ஆரம்பத்தில் அம்மா ஊருக்கெல்லாம் சொன்னார். பிறகு கேள்விகள் தாங்காமல் ஒன்றுமே நடக்காத மாதிரி மறைத்தார். இரண்டும் சரிவரவில்லை. நெருங்கிய நாலு பேருக்குச் சொன்னால் போதும். ஆனால் பிள்ளை வந்த பிறகு "சொந்தப் பிள்ளை என்றே சொல்லிவிடுவோம், அதுக்கும் தெரிய வேண்டாம்" என்று சித்தி ஒரு திட்டம் வைத்திருந்தார், அதை நாங்கள் முளையிலேயே கிள்ளினோம். இந்தக் காலத்தில் மரபணுச் சோதனைக்கு எச்சிலைத் தபாலில் அனுப்பினால் யார் என்ன உறவு என்று சொல்லிவிடுகிறார்கள். அதை விடுங்கள், கல்யாண வீட்டில் வாய் தவறுகிற ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். பிள்ளை முதல் நாளிலிருந்தே தாய் வாயால் கேட்டு வளர வேண்டிய கதை அது.

வந்ததும் என்ன செய்வது என்பதிலும் எங்கள் திட்டம் பிழையாகத்தான் இருந்தது. நீதிமன்றம் முடிந்த அன்றிரவே ரயிலேற்றித் திருகோணமலைக்குக் கூட்டிவந்து, பத்திரகாளி அம்மன் கோயிலில் அர்ச்சனை, மண்டபத்தில் ஐம்பது பேருக்குச் சாப்பாடு என்று நினைத்திருந்தோம். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். புது ஆட்களுக்கு நடுவில் இருக்கும் பிள்ளைக்கு முதல் வாரங்களில் இரண்டு முகம் போதும், தூக்குவதும் ஊட்டுவதும் அந்த இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும் என்று தத்தெடுக்கிறவர்களுக்கான வகுப்பில் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இது இன்னும் ஜீரணிக்கவில்லை. "நான் தூக்கக் கூடாதா?" என்று இடைக்கிடை கேட்கிறார். பக்கத்தில் இருக்கலாம், கொஞ்சம் பொறுத்துத் தூக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசியாக வந்த கேள்வியும் அம்மாவுடையதுதான். போன மாதம் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: "பிள்ளை சிங்களப் பிள்ளையாக இருந்தால் என்னை என்னெண்டு கூப்பிடும்?"

அவர் அதைக் கேட்டவுடன் எனக்குத் திக்கென்றது. இந்த ஊரில், எங்கள் தலைமுறை பார்த்ததைப் பார்த்தவர் கேட்கிற கேள்வி அது, லேசானதல்ல. ஆனால் அவர் குரலில் எதிர்ப்பு எதுவும் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சிங்களத்திலும் தாயை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அம்மாவின் அம்மா ஆச்சி என்றேன். அம்மா கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அம்மம்மா என்றுதான் வழக்கம், ஆனால் அவர் தன் சொந்தப் பாட்டியை ஆச்சி என்று கூப்பிட்டு வளர்ந்தவர்.

அன்றிரவு அக்காவிடம் கதைக்கும்போது "ஏதும் தெரிஞ்சுதா?" என்று அவர் கேட்கவில்லை. "பிள்ளை வந்தால் என்னை ஆச்சி என்று கூப்பிடச் சொல்லிக் கொடு, அம்மம்மா வேண்டாம்" என்றார். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் அம்மா?" என்று மூன்று தரம் கேட்டாள்.