புது ஷாட்கன்னில் தட்டு ஒரேசீராக உடைய

புதுத் துப்பாக்கி வாங்கியதுமே, பறக்கவிடும் இலக்குத் தட்டைச் சுடப் போகாதீர்கள். கண் பார்க்கும் இடத்தில்தான் அது சுடுகிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

உரிமம் பெற்ற ரேஞ்சில் 16 கஜம் தள்ளிப் பெரிய வெள்ளைத் தாளைக் கட்டி, நடுவில் புள்ளி வையுங்கள். குறிபார்த்து நிற்காமல், தோளில் ஏறியதும் சுட வேண்டும். ஒரே தாளில் 5 முறை. ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) விழுந்த நடு இடம் புள்ளிக்கு மிக மேலே என்றால் கன்னம் படும் கட்டை உயரம். கீழே என்றால் தாழ்வு. வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் ஒதுங்கினால், கண் ரிப்பின் (குழலின் மேல் ஓடும் பட்டை) நடுவுக்கு வரவில்லை. டிராப் (trap, விலகி மேலேறிப் பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) துப்பாக்கி கொஞ்சம் மேலே சுடுவது இயல்பு, அதைத் திருத்த வேண்டாம். கட்டையில் 1/16 அங்குலம் மாற்றினாலே இந்தத் தூரத்தில் ஏறக்குறைய 1 அங்குலம் நகரும். அவசரப்பட்டுச் சீவிவிட்டால் மரம் திரும்ப வராது.

வீட்டில், இரு குழலும் காலி என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். துப்பாக்கிதான் கன்னத்துக்கு வர வேண்டும். தலையைக் குனிந்து தேடினால் ஒவ்வொரு தடவையும் கண் வேறு இடத்தில் நிற்கும். பெரும்பாலான தவறல்கள் இங்கிருந்துதான் வருகின்றன.

பழகும்வரை ஒரே சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைத் திருகு), ஒரே தோட்டா. 24 கிராம் ரவை போதும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்று பலமாக இருக்கும். எதிர்க்காற்றில் தட்டு மேலே தூக்கும், பின்காற்றில் தாழும். கடலோரத்தில் உப்புக்காற்று என்பதால், சுட்ட அன்றே குழலைத் துடைத்து எண்ணெய் தடவி, சோக்கின் மரைக்கும் லேசாக கிரீஸ் வையுங்கள்.