மணைப்பலகை, ஃபாயில், நூல்: வைஃபையில் ஒரு சேதி

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அலைகளின் குறுக்கீட்டு விளைவை, அதாவது இரண்டு அலைகள் சேர்ந்து வலுப்பதையும் ஒன்றையொன்று அழிப்பதையும், இருபது வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன். போன கோடை விடுமுறையில்தான் அதே விஷயம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடப்பதைப் பார்த்தேன். செலவு ஒரு ரோல் ஃபாயில்.

ரவுட்டர் தன் பாட்டுக்கு அலையை வீசிக்கொண்டிருக்கும். நாம் புதிதாக எதையும் ஒலிபரப்பப் போவதில்லை. அந்த அலையையே ஒரு தகட்டில் பட்டுத் திரும்ப வைத்து, தகட்டை லேசாக நகர்த்தி, பக்கத்தில் இருக்கும் போனுக்குச் சேதி சொல்லப்போகிறோம். இதைத்தான் பேக்ஸ்கேட்டர் என்கிறார்கள்.

முதலில் ரவுட்டர் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு 2.4 மட்டும் வையுங்கள். சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11 என்ற மூன்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நடுவில் அது வேறு சேனலுக்குத் தாவி, எடுத்த அளவெல்லாம் வீணாகும். போனில் சிக்னலின் பலத்தை டிபிஎம் (dBm) என்ற அலகில் எண்ணாகக் காட்டும் ஏதாவது ஒரு வைஃபை செயலி போதும். −50 என்றால் நல்ல பலம், −70 என்றால் சோகை. 10 குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

ஏ3 அளவு அட்டையில் சமையல் ஃபாயிலை ஒட்டி, மணைப்பலகையில் செங்குத்தாக நிறுத்துங்கள். பளபளப்பான பக்கம் எது என்று யோசிக்க வேண்டாம். சின்னச் சுருக்கங்களும் பரவாயில்லை, அலைநீளமே 12.5 சென்டிமீட்டர். மர மேசையில் போனைச் சாய்த்து வைத்து, அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, ரவுட்டரைப் பார்த்தபடி தகடு நிற்கட்டும்.

இனிதான் பொறுமை வேண்டும். போனை ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்த்தி எண்ணைப் பாருங்கள். சுவரிலும் பீரோவிலும் பட்டு வரும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடங்களில் எண் சட்டென்று விழும். அப்படி ஒரு பலவீனமான இடத்திலேயே போனை வையுங்கள். சிக்னல் அதிகமுள்ள இடத்தில் தகட்டின் குரல் எடுபடாது. மற்றவை அடங்கிப்போன இடத்தில்தான் அது கேட்கும்.

அப்புறம் தகட்டை 3 சென்டிமீட்டர் பின்னால் தள்ளுங்கள். அலை தகடு வரை போய்த் திரும்புவதால் பாதை 6 சென்டிமீட்டர் கூடுகிறது, கிட்டத்தட்ட அரை அலைநீளம். சேர்ந்து வந்த அலை இப்போது எதிராக வரும். எங்கள் வீட்டில் எண் −61க்கும் −67க்கும் இடையே ஆடியது. மணை அந்த 3 சென்டிமீட்டர் மட்டும் ஓட, முன்னும் பின்னும் புத்தகம் வைத்துத் தடுத்துவிடுங்கள்.

முதல் நாள் நான் தகட்டைக் கையால் தள்ளி, ஆஹா என்று துள்ளினேன். பிறகு தகட்டைத் தொடாமல் சும்மா கையை நீட்டினேன். எண் அப்போதும் அதே அளவு மாறியது! தண்ணீர் நிறைந்த நம் உடம்பும் ஒரு கண்ணாடிதான். அதனால் மணையின் இரு பக்கமும் நூல் கட்டி, பின்பக்க நூலை மர நாற்காலிக் காலில் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டையும் வாசற்படியில் உட்கார்ந்து இழுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பூனை இருந்தால் அதையும் வெளியே அனுப்புங்கள்.

குறியீட்டுக்கு வருவோம். ‘முன்னே’ என்றால் 1, ‘பின்னே’ என்றால் 0 என்று வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். யாராவது ஒரு கதவைத் திறந்தால் மொத்த எண்ணும் நகர்ந்துவிடும். முன்னேயிருந்து பின்னே போனால் 1, பின்னேயிருந்து முன்னே வந்தால் 0 என்று மாற்றத்தையே குறியாக வையுங்கள். செயலி சில விநாடிக்கு ஒருமுறைதான் எண்ணைப் புதுப்பிக்கும் என்பதால் ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடி நிற்க வேண்டும். ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 1 அல்லது ஒரு 0க்கு, 20 விநாடி. 10 என்றால் காபி, 01 என்றால் டீ என்று மகளோடு பேசிவைத்தேன். ஒரு காபி கேட்க 40 விநாடி!

2014இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவிகளை வைத்தே இதைச் செய்தார்கள். விநாடிக்கு 1,000 பிட் வரை, சுமார் 2 மீட்டர் தூரத்துக்கு. அவர்கள் தகட்டை நகர்த்தவில்லை, ஆன்டெனாவில் ஒரு மின் சுவிட்சைத் திறந்து மூடினார்கள். சுவரளவு பலகையில் மின்சாரத்தால் மாற்றக்கூடிய நூற்றுக்கணக்கான சிறு தகடுகளைப் பதித்து, ஒவ்வொன்றிலும் பட்டுத் திரும்பும் அலையின் கட்டத்தை (அது ஏற்றத்தில் இருக்கிறதா இறக்கத்தில் இருக்கிறதா என்ற நிலையை) தனித்தனியே மாற்றி, அலையை வேண்டிய மூலைக்குத் திருப்பும் ஆராய்ச்சி அடுத்த தலைமுறை மொபைல் தொடர்பான 6ஜிக்காக நடந்துகொண்டிருக்கிறது. நம் மணை செய்வதும் அதே வேலைதான், ஒற்றை ஆளாக, நூல் பிடித்து.

எண் ஆடவே இல்லையென்றால் ஃபாயிலைப் பிய்த்து மறுபடி ஒட்டாதீர்கள். போனை இரண்டு விரல்கடை நகர்த்தி, பலவீனமான இடத்தைத் திரும்பத் தேடுங்கள்.