நடுமேற்கு விவசாயி ஒருவரின் வாழ்க்கையையும் வம்சத்தையும் தேடுவது எப்படி?

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிக்கு நிலம் தேடிப் போன ஒரு விவசாயியின் கதை வேண்டுமா? பெயரைப் பிடித்துக்கொண்டு அலையாதீர்கள், நிலத்தைப் பிடியுங்கள். ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ஆனால் அரசு ஒரு துண்டு நிலத்துக்கு முதல் பட்டாவை ஒருமுறைதான் கொடுக்கும்.

பழகுவதற்கு, ‘லிட்டில் ஹவுஸ்’ நூல்களை எழுதிய லாரா இங்கல்ஸ் வைல்டரின் தந்தை சார்லஸ் இங்கல்ஸை எடுத்துக்கொள்வோம். 1836ல் நியூயார்க் மாநிலத்தின் கியூபா என்ற ஊரில் பிறந்தவர். 1902ல் தெற்கு டகோட்டாவின் டி ஸ்மெட்டில் இறந்தார். இடையில் இல்லினாய், விஸ்கான்சின், கான்சாஸ், மினசோட்டா, அயோவா என்று ஓயாத அலைச்சல்.

படி 1: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

கல்லறைக் கல், இறப்புப் பதிவு, உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த இரங்கல் குறிப்பு. இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். பழைய செய்தித்தாள்கள் பல, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 2: கணக்கெடுப்பில் பின்னோக்கி நடங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை. 1900ல் பிறந்த மாதமும் ஆண்டும் இருக்கும். 1880ல் பெற்றோர் பிறந்த இடம் இருக்கும். வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் முதலில் வந்தது 1850ல். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் பெயரை மட்டும் அப்போதும் எழுதவில்லை. அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். 1890 ஏடுகள் தீ விபத்தால் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. அந்த இடைவெளிக்கு மாநிலங்கள் தனியாக எடுத்த கணக்குகளைப் பாருங்கள். மினசோட்டாவிலும் அயோவாவிலும் 1885, 1895 இரண்டும் உண்டு.

படி 3: நிலக் கோப்பை வரவழையுங்கள்

மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் வரை கேட்கலாம். ஐந்து ஆண்டு அங்கேயே குடியிருந்து, உழுது, இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால் பட்டா கிடைக்கும். இங்கல்ஸ் 1880ல் டி ஸ்மெட் அருகே நிலத்துக்குப் பதிந்து, 1886ல் நிரூபித்தார்.

மத்திய நில மேலாண்மைத் துறையின் தளத்தில் பெயரையும் மாநிலத்தையும் கொடுத்தால் பட்டாவின் படம் வரும். அதிலுள்ள எண்களைக் குறித்துக்கொண்டு, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கோப்பின் நகலை வாங்குங்கள். வீடு எவ்வளவு பெரிது, எத்தனை ஏக்கர் உழுதது, கிணறு உண்டா, எத்தனை பிள்ளைகள் என்று அவரே சொன்ன பதில்கள் அதில் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாளும் சேர்ந்தே வரும். சாட்சிகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர்கள், சில நேரம் மச்சினனே. அந்தப் பெயர்களையும் விடாதீர்கள்.

பாதியில் கைவிட்ட நிலத்துக்குப் பட்டா இருக்காது. அதை நில அலுவலகத்தின் பழைய பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

சரி, அவருக்கு முன் அந்த மண் யாருடையது? 1870 கணக்கெடுப்பில் இங்கல்ஸ் குடும்பம் கான்சாஸில் இருக்கிறது. நில மதிப்புக் கட்டம் மட்டும் காலி. அது ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களின் நிலம், குடியேறியவர்களுக்கு அதில் உரிமை இல்லை. இதை எழுதாத குடும்ப வரலாறு பாதி வரலாறு என்பேன்.

படி 4: குடும்பம் பேசாத ஆண்டுகள்

1870களில் வெட்டுக்கிளிக் கூட்டம் மினசோட்டாப் பயிர்களை அழித்தது. 1876ல் இங்கல்ஸின் ஒரே மகன் ஒன்பது மாதக் குழந்தையாக இறந்தான். பிறகு குடும்பம் அயோவாவின் பர் ஓக்கில் ஒரு விடுதியில் வேலை பார்த்துப் பிழைத்தது. இப்படிப்பட்ட காலம் வீட்டுக் கதைகளில் பெரும்பாலும் வராது. 1900 கணக்கெடுப்பில் தாய்மார்களுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. இரண்டும் வேறுபட்டால், அந்தக் குழந்தையைத் தேவாலயப் பதிவிலும் கல்லறையிலும் தேடுங்கள்.

படி 5: அப்புறம் வம்சம்

இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த வம்ச மரத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். சார்லஸின் தந்தை லான்ஸ்ஃபோர்ட். அந்த வரிசை, 1620களின் இறுதியில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலிருந்து மாசசூசெட்ஸ் வந்த எட்மண்ட் இங்கல்ஸ் வரை போகிறது. தந்தை-மகன் உறவைச் சொல்லும் உயிலோ ஞானஸ்நானப் பதிவோ தலைமுறைக்கு ஒன்றாவது கையில் இருக்கட்டும். கிடைக்காத இடத்தில் வம்ச மரத்தின் இணைப்புக் கோட்டைப் புள்ளிக் கோடாகப் போட்டு, எந்த மாவட்டத்து ஆவணத்தைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.