எஃப்எம் ஸ்டீரியோ என்கோடர்: பொருத்துவது, அளவு பார்த்துச் சரிசெய்வது

ஸ்டீரியோ சரியாக வரவில்லை என்றதும் எல்லோருடைய கையும் முதலில் போவது, இடது, வலது ஒலிகளை ஒரே சிக்னலாக்கும் என்கோடரில் இருக்கும் செபரேஷன் (இடதும் வலதும் ஒன்றில் ஒன்று கலக்காமல் பிரிந்திருக்கும் அளவு) திருகுக்குத்தான். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இன்றைய டிஜிட்டல் என்கோடர் ஒன்றின் வெளியீட்டிலேயே நேராக அளந்தால் 50 டெசிபலுக்கு மேல் செபரேஷன் சாதாரணமாகக் கிடைக்கும். அது கெடுவது அதற்குப் பிறகு வரும் கேபிளில், எக்சைட்டரின் (எஃப்எம் சிக்னலை உண்டாக்கும் பெட்டி) தவறான உள்ளீட்டில், ஆன்டெனாவுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரில். அதனால் இங்கே சொல்லப்போகும் வேலையில் பாதி, என்கோடருக்குப் பிறகு வரும் பாதை சிக்னலை ஒன்றும் செய்யாமல் விடுகிறதா என்று பார்ப்பதுதான்.

முதலில் அந்தப் பாதையில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1961-இல் அமெரிக்காவின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி ஏற்றுக்கொண்ட பைலட் முறையைத்தான் இன்றும் எஃப்எம் நிலையங்கள் பயன்படுத்துகின்றன. இடது+வலது கூட்டிய ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை அப்படியே போகும். மோனோ ரேடியோவுக்கு அது மட்டும் போதும். 19 கிலோஹெர்ட்ஸில் பைலட், ஸ்டீரியோ வருகிறது என்று ரேடியோவுக்குச் சொல்லும் டோன். அதன் இரட்டிப்பான 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி, 23 முதல் 53 வரை, இடதிலிருந்து வலதைக் கழித்த சிக்னல். அந்த 38 கேரியர் அடக்கப்பட்டிருக்கும், ரேடியோ அதைப் பைலட்டை வைத்துத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும். ஆர்டிஎஸ் (நிலையத்தின் பெயர் போன்ற தகவலை அனுப்பும் டேட்டா) இருந்தால் அது 57-இல், அதாவது பைலட்டின் மும்மடங்கில். இவை எல்லாம் சேர்ந்த ஒரே சிக்னலைத்தான் எம்பிஎக்ஸ் என்கிறோம்.

ரேடியோ கூட்டல் சிக்னலையும் கழித்தல் சிக்னலையும் மறுபடி கூட்டிக் கழித்து இடது, வலது என்று பிரிக்கிறது. எனவே இந்த இரண்டும் வழியில் ஒரே அளவு குறைந்து, ஒரே அளவு தாமதமாக வந்தால் பிரச்சினையே இல்லை. ஒன்று மட்டும் 1 டெசிபல் குறைந்து வந்தால் செபரேஷன் 25 டெசிபலுக்கு இறங்கிவிடும். 0.3 டெசிபல் வித்தியாசத்துக்கே 35-தான். கட்டத்தில் (ஃபேஸ்) 3 டிகிரி வித்தியாசம் வந்தால், அளவு துல்லியமாக இருந்தாலும் 32-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். சாதாரண ஆடியோ வேலையில் 0.3 டெசிபலை யாரும் கண்டுகொள்வதில்லை, இங்கே கண்டுகொள்ள வேண்டும்.

சரி, இணைப்புக்கு வருவோம். டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவில் இருக்கக் கூடாது, டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர்) இருக்கட்டும், பவரையும் குறைத்து வையுங்கள். டோன் அனுப்பிச் சோதிக்கும் வேலையை, உரிமம் இருந்தாலும், காற்றில் செய்ய வேண்டியதில்லை. லோடே இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்வதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ஸ்டுடியோவிலிருந்து வரும் ஆடியோ பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் கேபிளாக இருந்தால், இரண்டு கேபிளிலும் 2, 3 பின்கள் ஒரே மாதிரி போடப்பட்டிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் ஸ்டீரியோ ரேடியோவில் ஏதோ அகலமாக, கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஆனால் மோனோ ரேடியோவில் நடுவில் இருக்கும் அறிவிப்பாளர் குரல் காணாமல் போய்விடும், ஏனென்றால் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டு சேனலிலும் ஒரே டோனை அனுப்பி, இரண்டின் அளவும் 0.1 டெசிபலுக்குள் பொருந்துகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

என்கோடரிலிருந்து எக்சைட்டருக்குப் போகும் எம்பிஎக்ஸ் கேபிள் பிஎன்சி கனெக்டர் போட்ட கோஆக்சியலாக, முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். என்கோடரை எக்சைட்டர் இருக்கும் ரேக்கிலேயே வைப்பதுதான் நல்லது, பவர் ஆம்ப்ளிஃபையருக்கு ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். நீளமான கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மேல் அதிர்வெண்களைத்தான் முதலில் தின்னும், அதாவது கழித்தல் சிக்னலை. இரண்டு பெட்டிக்கும் வேறு வேறு எர்த் இருந்தால் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் எம்பிஎக்ஸில் ஏறிக்கொள்ளும். எக்சைட்டரில் பேலன்ஸ்டு எம்பிஎக்ஸ் உள்ளீடு இருந்தால் அதைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்து எக்சைட்டரின் அமைப்பு. இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். எக்சைட்டரில் மோனோ உள்ளீடு, எம்பிஎக்ஸ் உள்ளீடு என்று இரண்டும் இருக்கும், சிலவற்றில் உள்ளேயே ஒரு என்கோடரும் இருக்கும். வெளி என்கோடரை மோனோ உள்ளீட்டில் சொருகினால் அங்கே இருக்கும் 15 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் பைலட்டை வெட்டிவிடும், ரேடியோவில் ஸ்டீரியோ விளக்கே எரியாது. உள் என்கோடரும் ஆனில் இருந்தால் குழப்பம் வேறு மாதிரி வரும். எம்பிஎக்ஸ் உள்ளீடு மட்டும், உள் என்கோடர் ஆஃப், ப்ரீ-எம்ஃபசிஸ் (அனுப்பும் முன் மேல் அதிர்வெண்களை உயர்த்துவது) ஆஃப்.

ப்ரீ-எம்ஃபசிஸ் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது முழுச் சங்கிலியிலும் ஒரே ஒரு இடத்தில்தான் நடக்க வேண்டும். ஆடியோ ப்ராசஸர் தனியாக இருந்தால் அதில் வைத்து, என்கோடரில் ஃபிளாட் போடுங்கள். ப்ராசஸரின் லிமிட்டர் ப்ரீ-எம்ஃபசிஸுக்குப் பிந்தைய உச்சத்தைப் பார்த்தால்தான் அதைக் கட்டுப்படுத்த முடியும். அமெரிக்கக் கண்டங்களிலும் தென் கொரியாவிலும் 75 மைக்ரோ செகண்ட், உலகின் மற்ற பெரும்பாலான இடங்களில் 50. சரியாக ஒரு முறைதான் நடக்கிறதா என்று பார்க்க, ப்ராசஸரை பைபாஸில் போட்டு, மிகக் குறைந்த அளவில் 400 ஹெர்ட்ஸ் டோன், பிறகு அதே அளவில் 10 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்புங்கள். பைபாஸில் ப்ரீ-எம்ஃபசிஸும் சேர்ந்து போய்விடவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். 50 மைக்ரோ செகண்டுக்கு இரண்டாவது சுமார் 10.3 டெசிபல் கூடுதலாக வர வேண்டும், 75-க்கு 13.5. அதன் இரு மடங்கு வந்தால் இரண்டு இடத்தில் ஆனில் இருக்கிறது. ஒன்றுமே கூடவில்லை என்றால் எங்கேயும் இல்லை, ஒலி மந்தமாக வரும்.

இப்போது அளவு. எக்சைட்டரின் முகப்பில் காட்டும் டீவியேஷன் (கேரியரின் அதிர்வெண் விலகும் அளவு) எண்ணை நம்பி எதையும் செட் செய்யாதீர்கள், அதைச் சரிபார்க்க இயற்பியலே ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரு சைன் டோனால் எஃப்எம் கேரியரை மாடுலேட் செய்யும்போது, டீவியேஷனை டோனின் அதிர்வெண்ணால் வகுத்தால் வரும் எண் 2.405 ஆகும்போது கேரியர் முழுதாக மறைந்துவிடும், 5.520 ஆகும்போது மறுபடி மறையும். எஃப்எம்மில் 100% என்பது 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன்; அந்த 75-ஐ 5.520-ஆல் வகுத்தால் 13.587 கிலோஹெர்ட்ஸ். 15-க்குள் இருப்பதால் இந்த டோன் என்கோடரின் ஃபில்டரைத் தாண்டி வந்துவிடும். பைலட்டை ஆஃப் செய்து, ஆர்டிஎஸ்ஸையும் ஆஃப் செய்து, ப்ரீ-எம்ஃபசிஸை ஃபிளாட்டில் வைத்து, இரண்டு சேனலிலும் 13.587 கிலோஹெர்ட்ஸை ஒரே அளவில் அனுப்புங்கள். ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கேரியரைப் பார்த்துக்கொண்டே அளவைப் பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். நடுக்கோடு இறங்கி ஒரு முறை காணாமல் போகும், அது 32.7 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன். அங்கே நின்றுவிடாதீர்கள். இன்னும் ஏற்றினால் திரும்ப எழும்பி, இரண்டாவது முறை மறையும் இடம்தான் சரியாக 75. கேரியர் மறைகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம் என்பதால், மலிவான எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரில் சொருகும் ரேடியோ ரிசீவர்) ஒன்றும் இதற்குப் போதும்; ஓவர்லோடு ஆகாமல் அட்டெனுவேட்டர் போட்டோ, தள்ளி வைத்தோ பிடியுங்கள்.

இரண்டாவது மறைவில் நின்றபடியே எம்பிஎக்ஸ் கேபிளில் டீ போட்டு ஆசிலோஸ்கோப்பில் வோல்டேஜைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். பல பெட்டிகளில் அது உச்சத்திலிருந்து உச்சம்வரை 3.5 வோல்ட் அளவில் இருக்கும், உங்களுடையது எதுவோ அதுவே இனிமேல் உங்கள் 100%. இதன் பிறகு எக்சைட்டரின் உள்ளீட்டு அளவைத் தொடவே கூடாது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

பைலட் இப்போது எளிது. டோனை நிறுத்திவிட்டு பைலட்டை மட்டும் ஆன் செய்யுங்கள். 100% வோல்டேஜில் 9% வர வேண்டும், அதாவது 6.75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன். 8-லிருந்து 10-க்குள் எங்கிருந்தாலும் விதிக்குள்தான். பைலட்டைக் கூட்டினால் ஸ்டீரியோ இன்னும் நன்றாகக் கிடைக்கும் என்று சிலர் ஏற்றிவிடுகிறார்கள், நடப்பது என்னவோ ஆடியோவுக்கான இடம் குறைவதுதான். அதிர்வெண்ணையும் ஒரு கவுன்டரில் பார்த்துவிடுங்கள், 19,000 ஹெர்ட்ஸிலிருந்து 2 ஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்திருக்கக் கூடாது.

அப்புறம்தான் செபரேஷன். பைலட்டை மறுபடி ஆஃப் செய்து, இடது சேனலில் மட்டும் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்பி, எம்பிஎக்ஸை ஸ்கோப்பில் பாருங்கள். ஒரு சைன் அலையின் உள்ளே 38 கிலோஹெர்ட்ஸ் நிரம்பியிருக்கும், மேல் அரையிலும் கீழ் அரையிலும் நிரப்பு நடுக்கோட்டிலிருந்து தொடங்கும். அந்த நடுக்கோட்டைத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அது கத்தியால் வெட்டியது போல் நேராக இருக்கும். கழித்தல் சிக்னல் குறைவாக இருந்தால் கோடு அலை போகும் பக்கமே லேசாக வளையும், மேல் அரையில் மேலே, கீழ் அரையில் கீழே. அதிகமாக இருந்தால் எதிர்ப்பக்கம் வளையும். வளையாமல் சாய்வாக, படிப்படியாக உடைந்து தெரிந்தால் அது அளவுக் கோளாறு இல்லை, தாமத வித்தியாசம். அதை அளவுத் திருகால் தீர்க்க முடியாது. வளைவின் உயரம் முழு அலையின் உச்சத்தில் 1% என்றால் செபரேஷன் 40 டெசிபல், 3% என்றால் 30. பெரிதாக்கிப் பார்க்க ஸ்கோப்பின் கெய்னை ஏற்றும்போது அதன் உள்ளீடே ஓவர்லோடு ஆகிக் கோட்டை வளைத்துக் காட்டக்கூடும், ஐந்து மடங்குக்கு மேல் போகும்போது சந்தேகத்தோடு பாருங்கள்.

இதே சோதனையை 50 ஹெர்ட்ஸிலும் 10 கிலோஹெர்ட்ஸிலும், வலது சேனலிலும் செய்யுங்கள். முதலில் என்கோடர் வெளியீட்டில் கேபிள் இல்லாமல், பிறகு கேபிளும் எக்சைட்டரும் சேர்ந்து, கடைசியாக டம்மி லோடிலிருந்து சிக்னலைப் பிடித்து அளக்கும் மாடுலேஷன் மானிட்டரின் எம்பிஎக்ஸ் வெளியீட்டில். எந்த இடத்தில் கோடு வளைகிறதோ குற்றவாளி அங்கே இருக்கிறார். குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் கெட்டால், எக்சைட்டர் சில ஹெர்ட்ஸ் வரை இறங்காமல் முன்பே வெட்டுகிறது என்று அர்த்தம். எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி கெட்டால் பெரும்பாலும் 38-ஐச் சுற்றிய அளவு இழப்பு. இது அனலாக் என்கோடராக இருந்தால் மட்டும் செபரேஷன் திருகைத் தொடுங்கள், அதையும் அரை மணி நேரம் ஆனில் வைத்துச் சூடான பிறகு.

பைலட்டை மறுபடி ஆன் செய்யுங்கள், அதன் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பைலட் பூஜ்ஜியத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் 38 கேரியர் மேல்நோக்கிக் கடக்க வேண்டும், 3 டிகிரிக்குள். டிஜிட்டல் பெட்டியில் இது கணக்கிலேயே வந்துவிடும். அனலாக் என்றால் நல்ல மாடுலேஷன் மானிட்டரில் செபரேஷன் உச்சமாகும் இடத்தில் நிறுத்துங்கள், சாதாரண ரேடியோவை வைத்து இதைச் செய்தால் அந்த ரேடியோவின் தவறைச் சமன் செய்ய உங்கள் என்கோடரைக் கெடுப்பீர்கள்.

ஆர்டிஎஸ் இருந்தால் என்கோடரின் 19 கிலோஹெர்ட்ஸ் சிங்க் வெளியீட்டை அதற்குக் கொடுத்து, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் வையுங்கள். பிறகு ப்ராசஸரை பைபாஸிலிருந்து எடுத்து, ஃபிளாட்டில் வைத்த ப்ரீ-எம்ஃபசிஸை மறக்காமல் திரும்பப் போட்டு, அடர்த்தியான நிகழ்ச்சியை ஓடவிட்டு, பைலட், ஆர்டிஎஸ், ஆடியோ எல்லாம் சேர்ந்த உச்சம் நீங்கள் எழுதிவைத்த 100% வோல்டேஜைத் தாண்டாதபடி ப்ராசஸரின் வெளியீட்டை நிறுத்துங்கள்.

கடைசியாக ஆன்டெனாவுக்கு மாற்றி, மானிட்டரில் செபரேஷனை இன்னொரு முறை படியுங்கள். டம்மி லோடில் வந்த எண்ணை விடக் குறைந்திருந்தால் காரணம் கேவிட்டி ஃபில்டரின் டியூனிங், காம்பைனர் (பல டிரான்ஸ்மிட்டர்களை ஒரே ஆன்டெனாவில் இணைக்கும் பெட்டி), அல்லது ஆன்டெனாவின் குறுகிய பட்டை. ஸ்டீரியோ எஃப்எம்முக்கு ஏறக்குறைய 256 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், அந்த அகலம் முழுக்க எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண்) சீராக இருக்கிறதா என்று பாருங்கள். என்கோடரின் மூடியைத் திறக்க வேண்டாம்.