காதில் சீழ் வடிகிறதா? எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்

மூளையில் சீழ்க்கட்டி அரிதான நோய்தான். ஆனால் அது பெரும்பாலும் நாம் அலட்சியமாக விடும் இடங்களில் ஆரம்பிக்கிறது: நாள்பட்டுச் சீழ் வடியும் காது, ஆறாத சைனஸ், சொத்தைப் பல். அங்கிருக்கும் கிருமி எலும்பைத் தாண்டியோ ரத்தக்குழாய் வழியாகவோ மூளைக்குப் போய்விடுகிறது. தலையில் பட்ட ஆழமான காயமும் காரணமாகலாம்.

பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்து உதடு நீலம் பாரிக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல். சாதாரணமாக ரத்தத்தில் வரும் கிருமியை நுரையீரல் வடிகட்டிவிடும், இவர்களுக்கோ ரத்தத்தில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போகாமலேயே நேராக உடம்புக்கும் மூளைக்கும் போகிறது.

காய்ச்சல் கட்டாயம் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பல பிள்ளைகளுக்கு இருக்காது. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, காலையில் வாந்தி, வழக்கமில்லாத தூக்கம், இதெல்லாம் சேர்ந்து வந்தால் இன்னொரு பனடால் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறார் அவசரப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு, எழுப்பினாலும் எழாத மயக்கம் என்றால் உடனே 995 எண்ணில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள் (பாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை).

மருத்துவரிடம் காது, பல், இதயம், அடிபட்டது என எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் எடுப்பார்கள். மூளையில் அழுத்தம் கூடியிருந்தால் முதுகுத்தண்டில் நீர் எடுப்பது ஆபத்து என்பதால் பெரும்பாலும் அதைத் தவிர்ப்பார்கள்.

சிறிய கட்டி என்றால் சில சமயம் மருந்திலேயே கரையும். பெரிதாக இருந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு ஊசியால் சீழை எடுத்து, எந்தக் கிருமி என்று பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் சேர்த்து ஏற்றுவார்கள், அப்புறம் கிருமிக்கு ஏற்றதாக மாற்றுவார்கள். நரம்பு வழியாக மருந்து வழக்கமாக 6 முதல் 8 வாரம் போகும், நடுவில் மறுபடியும் ஸ்கேன் இருக்கும். பிள்ளை மூன்றாம் வாரமே ஓடியாடலாம், அதைப் பார்த்து மருந்தை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இத்தனை வாரத்துக்கு வேலையில் விடுப்பு, மெடிஷீல்டு லைஃப் (அரசின் மருத்துவக் காப்பீடு) போக மீதிச் செலவு, இதையெல்லாம் மருத்துவமனைச் சமூக சேவகரிடம் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள். வீடு திரும்பும் முன் காதுக்கோ பல்லுக்கோ என்ன சிகிச்சை, எப்போது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.