சிசேரியன் தழும்பை மங்கச் செய்வது எப்படி?

சிசேரியன் தழும்பு முழுசாக மறையாது. சிவப்பும் தடிப்பும் அடங்கி, தோல் நிறத்தை ஒட்டிய மெல்லிய கோடாக மாறும், அதற்கே ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். 'ஏழே நாளில்' என்று அட்டையில் போட்ட க்ரீமெல்லாம் வேண்டாம், அந்தக் காசு தழும்பின் மேல் போடுகிற சிலிகான் ஜெல்லுக்கோ ஷீட்டுக்கோ உதவும்.

படி 1: முதலில் புண் ஆறட்டும்

முதல் இரண்டு மூன்று வாரம் தழும்புக்கென்று எதையும் பூச வேண்டாம். நனைக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு தண்ணீரை மேலாக ஓடவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வெட்டு பெரும்பாலும் அடிவயிற்று மடிப்புக்குள் இருப்பதால் அங்கே வேர்வை தங்கும்; படுத்திருக்கும்போது கொஞ்சம் காற்றாட விடுங்கள். ஜட்டியின் எலாஸ்டிக் சரியாகத் தையல் மேல் உட்கார்ந்து உராயும், அதனால் தொப்புள் வரை வருகிற பருத்தி ஜட்டி நல்லது. நெடுக்காக வெட்டியவர்களுக்குப் பாவாடை நாடாதான் எதிரி, கொஞ்ச நாள் நைட்டியே போதும்.

தையல் இழுபட்டால் தழும்பு அகலமாகும். தண்ணீர்க்குடம், ஈரத்துணி வாளி எதையும் தூக்காதீர்கள், குழந்தையின் எடைதான் உச்சவரம்பு. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிட்டால் தோல் ஒட்டப் புரதம் எங்கிருந்து வரும்? பாட்டி மஞ்சள் அரைத்து வைத்திருப்பார். ஆறாத புண்ணில் அது வேண்டாம்.

காய்ச்சல், சீழ், கெட்ட வாடை, பரவுகிற சிவப்பு, தையல் விடுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 2: சிலிகான்

பொருக்கு உதிர்ந்து, தோல் முழுக்க மூடிய பிறகு தொடங்குங்கள். ஜெல் என்றால் காலையும் இரவும் மெல்லிசாகப் பூசி, காய்ந்த பிறகு உடுத்துங்கள். ஷீட் என்றால் ஒரு நாளில் 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். எதுவானாலும் இரண்டு மூன்று மாதம் விடாமல் போட்டால்தான் பலன். தழும்பின் ஈரப்பதத்தை அது தக்கவைப்பதால், தழும்பைத் தடிக்கவைக்கிற கொலாஜன் என்ற புரதத்தைத் தோல் தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது குறைகிறது. நம் ஊர் வெயிலுக்கு ஷீட்டுக்குள் வேர்க்குரு வரும், என் ஓட்டு ஜெல்லுக்கு.

படி 3: மசாஜ்

ஆறு வாரம் கழித்து, பரிசோதனையில் டாக்டர் சரி என்றதும். விரலில் துளி தேங்காயெண்ணெய் போதும். முதல் சில நாள் தழும்பைச் சுற்றி மட்டும், அப்புறம் அதன் மேலேயே இரண்டு விரலை வைத்து, விரல் வழுக்காமல் தோலே நகரும்படி மேலும் கீழும், பக்கவாட்டில், சின்ன வட்டமாக அசையுங்கள். ஐந்து நிமிடம், தினமும் ஒன்றிரண்டு முறை. உள்ளே ஒட்டிக்கொண்ட இடம் கல் போல இருக்கும், அது மெதுவாக இளகும். வலித்தால் நிறுத்துங்கள். சுற்றிலும் மரத்துப்போனதுபோல் பல மாதம் இருப்பது சகஜம்.

படி 4: வெயில்

தழும்பு துணிக்குள்ளேயே இருந்தால் தனியாக எதுவும் பூசத் தேவையில்லை. வெளியே தெரிந்தால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன்.

வேண்டாதவை

எலுமிச்சைச் சாறு எரிச்சல்தான் தரும். வைட்டமின் ஈ எண்ணெய் தழும்பைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை, சிலருக்கு அரிப்பு வேறு. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த க்ரீம் பக்கமே போகாதீர்கள், தோல் மெலிந்துவிடும்.

இதெல்லாம் செய்தும் தழும்பு வெட்டின கோட்டைத் தாண்டி வளர்ந்து, கெட்டியாகி அரித்தால் அது கீலாய்டாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போங்கள், தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். காது குத்தின இடத்தில் முன்பே அப்படித் தடித்தவர் என்றால் அதையும், பால் கொடுப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

தழும்பை மங்கச் செய்கிற லேசர் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி: இன்னொரு குழந்தை திட்டம் உண்டா? அடுத்த சிசேரியனிலும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வெட்டுவார்கள், அதுவரை லேசர் காத்திருக்கலாம்.