வசியத்தில் சிக்கிய கேரக்டரை மேசையில் நடத்துவது எப்படி

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், எல்லோரும் ஒரு முறை ஆடி முடிக்கும் ஒரு ரவுண்டு என்றால் கதைக்குள் 6 விநாடி. ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் அதே ரவுண்டு சர்வசாதாரணமாக 15 நிமிடத்தைத் தின்றுவிடும். மந்திரக் குறிப்பில் ‘1 நிமிடம்’ என்று போட்டிருந்தால் அது 10 ரவுண்டு. அதாவது ஒருவருடைய மாலைப்பொழுது மொத்தமும். மனதைக் கட்டிப்போடும் மந்திரங்களால் மேசையில் கசப்பு வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கால்தான். கூட்டாளியையே வெட்ட வேண்டியிருக்கிறதே என்று யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. அதில் நல்ல நாடகம் இருக்கிறது. கேரக்டரின் திறன்கள் எழுதிய ஷீட்டை, ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) வாங்கிக்கொள்ள, தான் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார வேண்டியிருப்பதுதான் எரிச்சல்.

கீழே வரும் எண்கள் எல்லாம் 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி.

வசியத்திலும் பல ரகம்

‘சார்ம்டு’ (வசியப்பட்ட நிலை) என்றதும் கேரக்டர் வில்லன் பக்கம் போய்விட்டது என்று அறிவித்துவிடுவது டிஎம்கள் அடிக்கடி செய்யும் தவறு. அந்த நிலைக்கு இரண்டே விளைவுகள்: வசியம் வைத்தவரைத் தாக்கவோ தீங்கு செய்யும் எதையும் அவர்மேல் ஏவவோ முடியாது; அவர் பேசி மசியவைக்க உருட்டும் பகடைக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கிடைக்கும். அவ்வளவுதான். சார்ம் பெர்சன் என்ற மந்திரம் இதற்குமேல் ‘இவர் எனக்குப் பழக்கமான நல்ல மனுஷன்’ என்ற எண்ணத்தைத் தரும், 1 மணி நேரத்துக்கு. பழக்கமான மனுஷன் சொன்னான் என்பதற்காக யாரும் கூட்டாளியின் முதுகில் குத்துவதில்லை. அவனையோ அவன் ஆட்களையோ மற்றவர்கள் தாக்கும்போது வசியப்பட்டவன் நடுவில் புகுந்து ‘ஏன்டா இவரை அடிக்கிறீங்க?’ என்று கேட்பான், அதைக் கேட்கவேண்டியவர் அந்த ஆட்டக்காரர். மந்திரம் தீர்ந்ததும் தனக்கு என்ன நடந்தது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

ரத்தக்காட்டேரியின் வசியமும் இந்த ரகமே. டிசி 17 விஸ்டம் சேவ் (20 முகப் பகடையோடு தன் விஸ்டம் சேவ் எண்ணைக் கூட்டி 17-ஐ எட்டினால் தப்பலாம்), 24 மணி நேரம். ஆனால் இரையாகிறவர் அதன் கட்டுப்பாட்டில் இல்லை என்று விதியே தெளிவாகச் சொல்கிறது. அது கேட்பதை முடிந்தவரை சாதகமாக எடுத்துக்கொள்வார், கழுத்தைக் காட்டுவார். காட்டேரியோ அதன் கூட்டமோ அவருக்குத் தீங்கு செய்யும் ஒவ்வொரு முறையும் மறுபடி சேவ்.

கமாண்ட் மந்திரத்தில் ஒரே ஒரு சொல் உத்தரவு, ஒரே ஒரு டர்ன் (அவர் ஆடும் முறை). கன்ஃப்யூஷன் மந்திரத்துக்கு டி10 (10 முகப் பகடை) அட்டவணை இருக்கிறது; பகடையை மாட்டியவர் கையிலேயே கொடுத்து உருட்டச் சொன்னால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. யோசனை சொல்லி வசப்படுத்தும் சஜெஷனில் மட்டும் கவனம் வேண்டும். ஓரிரு வாக்கியத்தில், நியாயமாகத் தொனிக்கும்படி சொல்ல வேண்டும், 8 மணி நேரம்வரை நீடிக்கும். வில்லன் சொல்லும் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னால், அது நியாயமா இல்லையா என்ற விவாதத்திலேயே அரை மணி போய்விடும்.

டாமினேட் பெர்சன்

முழுக் கட்டுப்பாடு இங்கேதான் வருகிறது. 5-ஆம் நிலை மந்திரம், 60 அடி தூரம், விஸ்டம் சேவ், கான்சன்ட்ரேஷனோடு (மந்திரவாதியின் கவனம் குலைந்தால் மந்திரம் போய்விடும்) 1 நிமிடம். சண்டைக்கு நடுவே வைத்தால் சேவுக்கு அட்வான்டேஜ் உண்டு. இதை மறக்கும் டிஎம்கள் ஏராளம்.

இந்த மந்திரத்தில் கட்டளை இரண்டு விதம். ‘அவனைத் தாக்கு’, ‘அங்கே ஓடு’ என்று மனதாலேயே பொதுவாக உத்தரவிடலாம். அதற்கு ஆக்ஷன் (ஒரு டர்னில் கிடைக்கும் முக்கியச் செயல்) செலவில்லை. துல்லியமாகப் பொம்மைபோல ஆட்டிவைக்க வேண்டுமென்றால் மந்திரவாதி தன் ஆக்ஷனையே செலவழிக்க வேண்டும். எனவே சாதாரண நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் வில்லன் முடிவு, எப்படிச் செய்வது என்பது ஆட்டக்காரர் முடிவு. இதை அப்படியே கடைப்பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நடைமுறையில் ஒரு துண்டுச்சீட்டு போதும். இப்படி:

‘வாசலை விட்டு நகராதே. எஜமானின் அறைக்குள் யாரையும் விடாதே. எப்படித் தடுப்பது என்பது உன் இஷ்டம். அடி விழும் ஒவ்வொரு முறையும் விஸ்டம் சேவ் உருட்டு.’

சீட்டில் உத்தரவு, அதன் எல்லை, விடுபடும் வழி மூன்றும் இருக்க வேண்டும். கடைசி வரியைப் பலர் மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள், தப்பும் வழி தெரிந்த ஆட்டக்காரர்தான் உத்தரவை மனமாரச் செய்து காட்டுவார். மேற்படி சீட்டை வாங்கிய ஃபைட்டர் (போர்வீரன்) கதவைத் தாழிடலாம், வருகிறவனைக் கட்டிப்பிடிக்கலாம், தள்ளிவிடலாம். ‘தாக்கு’ என்றே உத்தரவு வந்தால் கையிலுள்ள ஆயுதத்தால் தாக்க வேண்டியதுதான். வாளை வைத்துக்கொண்டு வெறுங்கையால் தட்டுவது ‘முடிந்தவரை கீழ்ப்படிதல்’ ஆகாது. ஆக்ஷன் சர்ஜ் (கூடுதல் ஆக்ஷன்), ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) போன்று தீர்ந்துபோகும் சமாசாரங்களை வில்லன் தன் ஆக்ஷனைக் கொடுத்தால் மட்டும் கேட்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது விதிப்புத்தகத்தில் இல்லை, வீட்டு விதிதான். ஆனால் நன்றாக வேலை செய்கிறது. உண்மையாக நடித்தவருக்கு ஓர் இன்ஸ்பிரேஷன் (பின்னர் ஒரு பகடைக்கு அட்வான்டேஜ்) கொடுங்கள்.

மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. வசியப்பட்டவருக்குச் சேதம் விழும் ஒவ்வொரு முறையும் புதிய சேவ் உண்டு என்பதால் கூட்டாளியின் வெறுங்கை அறையும் மருந்துதான்: ஸ்ட்ரென்த் 10 உள்ள விஸார்டு அறைந்தால் 1 புள்ளி சேதம், ஒரு சேவ். பிளேட் கவசத்தின் ஏசி (அடி விழ எட்ட வேண்டிய எண்) 18-ஐத் தாண்டி அறை விழுவது கஷ்டம் என்றால் மேஜிக் மிசைல் மந்திரத்தின் அம்புகளில் ஒன்றை மட்டும் அவர்மேல் விடலாம், அது தவறாது. இல்லையேல் மந்திரவாதியை அடித்து கான்சன்ட்ரேஷனைக் குலைக்க வேண்டும். அவர் உருட்டும் சேவுக்கு டிசி 10 அல்லது விழுந்த சேதத்தில் பாதி, எது அதிகமோ அது. 22-க்குக் குறைவான அடிகளுக்கெல்லாம் டிசி 10 என்பதால், ஒரே பெரிய அடியைவிடச் சின்ன அடிகள் நான்கைந்து விழுவது மேல்.

முன்தயாரிப்பு

அரக்கனைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்ட்டியின் (ஆட்டக்காரர் குழுவின்) சேவ்களைப் பாருங்கள். விஸ்டம் சேவ் +1 உள்ள ஃபைட்டர் டிசி 17-ஐ வெல்ல 16 விழ வேண்டும், 25 சதவீதம்தான். 10 அடிக்குள் ஒரு பாலடின் நின்று அவருடைய ஆரா (அருகிலுள்ளவர்களின் சேவுக்கு உதவும் சக்தி) +3 கொடுத்தால் 40 சதவீதம். இன்னும் மோசமானது மைண்டு ஃப்ளேயர் என்ற அரக்கனின் மனவெடிப்பு. டிசி 15 இன்டெலிஜென்ஸ் சேவ். -1 உள்ள பார்பேரியன் அதில் மாட்டினால் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மீள 25 சதவீதம், சராசரியாகக் கிட்டத்தட்ட 4 ரவுண்டு அசைவில்லாமல் நிற்பான். ஒரு மணி நேரம்! அப்படிப்பட்டவருக்கு உடனே ஓர் எதிரியின் ஷீட்டைக் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். தன் நண்பர்களை அடிப்பதில் ஆட்டக்காரர்கள் டிஎம்மைவிடக் கொடூரமானவர்கள்.

எதிர்மருந்தையும் கண்ணில் காட்டிவையுங்கள். புரொடெக்ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் மந்திரம் காட்டேரி, பேய், அபெரேஷன் (மைண்டு ஃப்ளேயர் போன்ற விபரீதப் பிறவி) ஆகியவற்றின் வசியத்தை 10 நிமிடம் தடுக்கும். மனிதன் வைக்கும் வசியத்துக்கு அது உதவாது. காம் எமோஷன்ஸ் மந்திரம் 1 நிமிடத்துக்கு வசியத்தை அடக்கிவைக்கும். எல்ஃப்களுக்கு வசியத்துக்கு எதிரான சேவில் அட்வான்டேஜ்.

அபோலெத் என்ற நீர்வாழ் அரக்கனின் அடிமைத்தளை வேறு கணக்கு. அந்த அரக்கன் சாகும்வரை நீடிக்கும். அடி விழுந்தால் சேவ்; அதோடு, ஒரு மைலுக்கு அப்பால் இருந்தால் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை சேவ், அதற்கு மேல் இல்லை. இதைத் தனியே பேசி, ‘ரகசிய உளவாளியாக ஆடுகிறீர்களா, இல்லை மீட்கும்வரை வேறு கேரக்டரா?’ என்று கேட்டுவிடுங்கள். தொடக்க அமர்விலேயே, மனக்கட்டுப்பாடு எவ்வளவு தூரம் சம்மதம், காதலும் காமமும் கலந்த வசியம் மேசைக்கு வேண்டுமா என்பதையும் பேசியாக வேண்டும். சக்யூபஸைக் (காமத்தால் மயக்கும் பேய்) கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கட்டாயம். மேசை நடுவில் ஓர் எக்ஸ்-கார்டு (X போட்ட அட்டை) இருக்கட்டும். தொட்டால் காரணம் கேட்காமல் காட்சியை மாற்றிவிடுங்கள்.

ஆட்டக்காரர் ஒருவர் இன்னொருவர் கேரக்டர்மேல் வசியம் வைக்கப் பார்த்தால், இலக்கானவரைக் கேட்காமல் பகடையைத் தொடவிடாதீர்கள். அவர் ‘வேண்டாம்’ என்றால் அந்த மந்திரம் போடப்படவில்லை, ஸ்லாட்டும் செலவாகவில்லை. பெர்சுவேஷன் (பேசி மசியவைக்கும்) பகடைக்கும் இதே கதை: 27 விழுந்தாலும் இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டரை அது கட்டுப்படுத்தாது.